ஹேமாவதி வீட்டில் என் சிரிப்பு

கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து என் சிரிப்பு நடிகை ஹேமாவதியின் வீட்டில் இருக்கிறது.

அந்த வருடம் 'ஒண்ணாம் நம்பர் போர்ஷன்' என்ற நகைச்சுவைத் தொடருக்குப் பார்வையாளர்களாக உட்கார, எங்கள் வகுப்பை வேனில் ஏற்றி வடபழனியில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சிரிக்க வேண்டும். மற்றவர்கள் விளக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எதையும் மற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன். அதனால் எல்லோரும் ஓய்ந்து, விளக்கும் அணைந்த பிறகு, என்னுடையது மட்டும் தனியாக வெளியே வந்தது. வேன் கிளம்பும்போது அவரவர் சிரிப்பு அவரவருடன் ஏறிக்கொண்டது. என்னுடையது வருவதற்குள் வேன் போய்விட்டது. அது ஹேமாவதியின் காரில் ஏறிக்கொண்டதாக மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து போன் செய்து சொன்னார்கள். நல்ல இடம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர் ஓடும்போது, கூட்டம் சிரித்து அடங்கியதும் அதன் குரல் கேட்கும். சௌக்கியமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அலுவலகத்தில் யாராவது ஜோக் சொன்னால் தலையாட்டுவேன். அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் அது முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தது, பால்காரரைப் பார்த்துச் சிரித்தது. நான் குனிந்தால் மட்டும் என் தோளுக்கு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தது.

"நீ சிரிச்சாத்தானேடி அது சிரிக்கும்? போய்க் கேட்டு வாங்கிட்டு வா. உன் பொருளைக் கேக்க உனக்கென்ன கூச்சம்?" என்றாள் அக்கா.

போனேன்.

ஹேமாவதி சபா நாடகங்களில் காபி டம்ளர் கொண்டுவந்து வைக்கும் பெண்ணாக ஆரம்பித்தவர். வசனம் கிடையாது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போகும் விதத்துக்கே கைதட்டல் விழுந்ததால், கதாநாயகர் அந்தக் காட்சியில் தனக்குக் காபியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சினிமாவில் கதாநாயகிக்குத் தோழியாக வந்தார். பிறகு அண்ணியாக. எல்லாப் படத்திலும் இடைவேளைக்கு முன்பே அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் 'போர்ஷன்' ஏகாம்பரி வேடம் வந்தது. அதற்கு முன் ஒரு கொத்து கறிவேப்பிலை கடன் கேட்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அவரே கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"லேட்டு, யார் வந்திருக்கா பாரு," என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

என் சிரிப்பு ஜன்னலோர நாற்காலியில் இருந்தது. சற்றுக் குண்டாகியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள அதற்கும் நேரம் பிடித்தது.

"எடுத்துக்கோ கண்ணு. உன்னோடதுதானே," என்றார் ஹேமாவதி. "இன்னிக்கு ஒரு சீன் இருக்கு. அது முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ."

ஸ்டுடியோவில் என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். காட்சியில் ஏகாம்பரி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கணவராக நடிப்பவர் உள்ளே வந்தார்.

"ஏகாம்பரி, சட்டையில பட்டன் போயிடுச்சு."

அவர் கணவரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "சட்டை இருக்குல்ல?"

பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் சிரித்தது. விளக்கு அணைந்தது. ஹேமாவதி தோசைக் கரண்டியைக் காற்றில் பிடித்தபடி அப்படியே நின்றார். தோசையின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. கணவர் மூச்சுவிடக்கூட இல்லை. பிறகு, கடைசி வரிசையிலிருந்து, என் சிரிப்பு தனியாக வந்தது. அது முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். தோசை கருகவில்லை. அந்த நிறுத்தத்தைப் பத்திரிகைகள் எத்தனையோ தடவை புகழ்ந்திருக்கின்றன. அவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதியதில்லை.

மேக்கப் அறையில், "இது போயிட்டா என்ன செய்வீங்க மேடம்?" என்று கேட்டேன்.

"நடிக்கிறதை விட்டுடுவேன்," என்றார், பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டியபடி. "கூட்டம் விளக்கைப் பார்த்துச் சிரிக்குது. விளக்கு அணைஞ்சப்புறமும் சிரிக்கிறது இது ஒண்ணுதான்."

நான் கொஞ்சம் யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"இங்கேயே இருக்கட்டும் மேடம்."

"அப்போ குழந்தைக்கு?"

அவர் என்னைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போய், பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து தன் சிரிப்பை எடுத்தார். மடிப்புக் கலையாமல் புதிதாக இருந்தது. பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

"சிரிக்க வைக்கிறவ தானே சிரிச்சா ஆட்டம் கெட்டுடும். சும்மாதான் கிடக்கு. எடுத்துட்டுப் போய்ப் போட்டுக்கோ. உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். பரவாயில்ல."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் குழந்தை பாயில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து சிரித்தேன். கூடத்துக்கே பெரிய சிரிப்பு. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. குழந்தை மின்விசிறியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்தது. அதன் பிறகு, என்னை நேராகப் பார்த்து, பல்லில்லாத வாயை முழுசாகத் திறந்து, தனியாகச் சிரிக்க ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தொடரில் வருவதுபோலவே, உடனே விளம்பர இடைவேளை வந்தது.

"அதுக்குள்ள குக்கரை இறக்கிட்டு வந்துடறேன். ஆரம்பிச்சா கூப்பிடு," என்று அக்கா சமையலறைக்குப் போனாள். குழந்தை திறந்த வாயோடு காத்திருந்தது. நானும் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.