பகலில் ஃப்ரிட்ஜுக்கு லீவு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பகலில் லீவு. கரண்ட் பில் எகிறியதிலிருந்து என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் அது. மனுஷன் ஏசி மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளுகுளுவென்று செய்து கொடுத்துவிட்டு வருவார். வீட்டுக்குள் காலை வைத்ததும் எந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்று மோப்பம் பிடிப்பார். வாஷிங் மெஷின் துணி மடிக்கிற மேஜையாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே விசிறிக்குக் கீழே படுக்கிறோம். கழிவறையில் இருந்தால்கூட வெளியே நின்று, "உள்ள ஆள் இருக்கா, லைட் மட்டும் எரியுதா?" என்று கேட்பார். இந்த மனுஷனோடு என்ன செய்ய!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜில் கை வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையில் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வேலைக்குப் போவார். பால் கெட்டால் கெட்டுத் தொலையட்டும். மகளின் இன்சுலினும் அதற்குள்தானே இருக்கிறது?

"மருந்து சூடாயிட்டா என்னங்க பண்றது?"

"நான் பாக்காத ஃப்ரிட்ஜாடி? கதவைத் தொறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் குளிர் நிக்கும்."

"நின்னா சரி. நிக்கலைன்னா உங்களை நிக்க வெச்சுக் கேப்பேன்!"

தினமும் காலையில் இந்தக் கச்சேரிதான். வாலு காதைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவாள். வாலு என்றால் எங்கள் மகள். ஒரு இடத்தில் உட்காராததால் வந்த பெயர். நாங்கள் இருவரும் கிளம்பிய பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு அவளே பள்ளிக்கூடம் போவாள், அவளே முதலில் திரும்பி வருவாள்.

அந்த வாலு திடீரென்று சோர்ந்து போனாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டு அளவைக் கூட்டினோம். அப்போதும் இறங்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த புது மருந்தைப் பிரித்தோம். அதுவும் ஒரே கதைதான். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறாளோ என்று அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்தேன்.

"சத்தியமா எதுவும் திங்கலம்மா," என்றாள். குரலே எழும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது. அவர் தன் வேலை வண்டியில் இருந்த குழாய்களையெல்லாம் வாசலிலேயே தள்ளிவிட்டு அவளைத் தூக்கிப் போட்டார். நான் மருந்து டப்பாவை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இப்போ எதுவும் சொல்ல முடியாது, வெளிய இருங்க," என்றார்.

கதவு சாத்தியதும் என் வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன்.

"உங்க பாட்டில் வைத்தியம்தான் எம்புள்ளையைப் படுக்க வெச்சிருக்கு! இனிமே பில்லைக் கட்டிப்புடிச்சுட்டு தூங்குங்க!"

"சூடாக வழியே இல்லடி. தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டுதானே செஞ்சேன்," என்றார்.

நர்ஸ் வந்து நான் கொண்டுபோன மருந்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குப்பிக் கண்ணாடியின் உட்புறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது சூட்டுல கெட்ட மாதிரி தெரியலைங்க. உறைஞ்சு போயிருக்கும்போல. ஒரு தடவை உறைஞ்சாலே இது வேலைக்கு ஆகாது. ஐஸ்ல வெச்சீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் ஐஸை இறக்குறீங்க!"

"மருந்து மேல்தட்டுல டப்பாவுல இருக்குடி. நான் அதைத் தொட்டதே இல்ல!"

சத்தம் கேட்டு நர்ஸ் எங்களை அதட்டினார். வெகுநேரம் கழித்து, கண்டம் தாண்டியாகிவிட்டது என்று டாக்டர் உள்ளே கூப்பிட்டார். வாலு கண் திறந்திருந்தாள். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"நான்தான்மா," என்றாள். நாங்கள் கத்தியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "மருந்து சூடாயிடும்னு நீ தினம் அழுற. சூடாகாதுன்னு அப்பா கத்துறாரு. அதான் நீங்க போனதும் ரெண்டு ஐஸ் பாட்டிலுக்கு நடுவுல மருந்தையெல்லாம் சொருகி வெச்சேன். ஸ்கூல் விட்டு வந்ததும் டப்பாவுல போட்டுடுவேன். சூடாகலைன்னா சண்டை வராதுல்ல?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. யார்மேல் பாய்வது? அவள் தலையைத் தடவினேன். நெற்றி பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வாலு மேலே சுற்றிய விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுக்கும் நாமதான் பில் கட்டணுமா? அணைச்சிடுங்கப்பா. எனக்கு வேர்க்கவே இல்ல."

அவர் எழுந்து ஸ்விட்சுகள் இருந்த பக்கம் போனார். பழக்கம், கை தானாக ஸ்விட்ச் மேல் போய் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த ரெகுலேட்டரைப் பிடித்து, விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பி வைத்தார்.