கொதிகலன் அறையில் பனி

டெல்மஸ் என் கடிதத்தை இரண்டாம் முறையும் படித்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கப்பலில் மூன்று பேர் தூக்கும் வால்வை ஒற்றை ஆளாய்த் தூக்கியவனுக்கு, ஒரு காகிதத்தைப் பிடிக்க இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் வந்த புற்றுநோய். அது கடற்படை வேலையில்தான் வந்தது என்று கூட இருந்தவன் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவனுக்குப் பிறகு அவன் மனைவி ஓடீலுக்கு ஓய்வூதியம் கிடையாது. எங்கள் கப்பலின் கொதிகலன் அறை ஆட்களில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். அதனால் வடக்கே பனி கொட்டும் மினசோட்டாவிலிருந்து தெற்கே லூசியானாவரை காரோட்டி வந்திருந்தேன். எனக்கு இதுவரை ஒன்றுமில்லை, அதுவே உறுத்தியது.

"எல்லாம் எழுதியிருக்க ஆரின். நீராவிக் குழாய், சுத்தியல், தூசிலயே படுத்துத் தூங்கினது. பனிய எங்கடா காணோம்?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அறுபத்தாறாம் வருடக் கிறிஸ்துமஸ். பழுதுபார்க்கக் கப்பல் ஏதோ வெயில் துறைமுகத்தில் நின்றது. குழாய்களின் பழைய கல்நார் உறையைப் பிய்த்துப் புதிது சுற்றிக்கொண்டிருந்தோம். பத்தொன்பது வயது டெல்மஸ், பனியே பார்த்ததில்லை என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். விடுவேனா? அந்த வெள்ளைப் பஞ்சை இரண்டு கை நிறைய அள்ளி, ஏணியில் ஏறி, அவன் தலையில் உதிர்த்தேன். கழுதை, உள்ளங்கையை விரித்து நீட்டி, நாக்கையும் நீட்டிப் பிடித்தான். பிறகு எல்லோரும் உருண்டை பிடித்து எறிந்துகொண்டோம். அதற்குப் பிறகு அப்படி நான் சிரித்ததில்லை. அந்த நாள் திரும்ப வராதா என்று இன்றும் ஏங்குகிறேன், எல்லாம் தெரிந்த பிறகும்.

"நான்தானடா போட்டேன். அத எப்படி எழுதுறது?"

"ஓ, நீ ஒருத்தன் போட்டுத்தான் வந்துச்சாக்கும்! நாலு வருஷம் அதைத்தானடா மூச்சா இழுத்தோம். பெரிய ஆளுதான் போ." சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. ஓடீல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "எழுதுடா. அந்த நாலு வருஷத்துல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

பேனாவை எடுத்தேன்.

"அன்னைக்கு நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. 'கைல விழுந்தா உருகிடும்னியே, இது உருகவே மாட்டேங்குதே'ன்னு கேட்ட."

அதையும் எழுதினேன். நிமிர்ந்தபோது அவன் கண்ணை மூடியிருந்தான். போர்வையின் மேல் அவன் உள்ளங்கை, அன்று நீட்டியதைப் போலவே, மேல் நோக்கி விரிந்திருந்தது.