அஸ்திவாரக் குழியில் உருண்டைக் கற்கள்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். முதல் கல்லை எடுத்தது என் கணவர் வீரமணியா, கடப்பாரை பிடித்த ஆளா என்பது மறந்துவிட்டது. எங்கள் மனைக்குப் பக்கத்து வீட்டு ராசாங்கம் மாமாவின் முகம் மட்டும் மறக்கவில்லை.

குன்னம் சாலையோரம், எங்களுக்கென்று இருந்த ஒரே மனையில் வீடு கட்டத் தோண்டிக்கொண்டிருந்தோம். வழவழவென்று உருண்டைக் கற்கள் வந்தபடியே இருந்தன.

"மூடு, மூடு" என்றார் மாமா. "டைனோசர் முட்டைடா வீரமணி! கவர்மெண்டு ஆபீசுல தெரிஞ்சா வேலி போட்டு எடுத்துக்குவாங்க. நீ வூடு கட்டுன மாதிரிதான்."

"இப்ப என்ன மாமா பண்றது?"

"யாருகிட்டயும் மூச்சு வுடாத. வேணும்னா மனைய நானே வாங்கிக்கிறேன்."

வேலையை நிறுத்திவிட்டோம். வாடகை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வீரமணி சொன்னார். "அந்தாளே கொண்டாந்து பொதச்சிருப்பான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் தனியாகப் போனேன். கற்களைக் கழுவிப் பார்த்தேன். ஒன்று பால்வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்றில் வரிகள். அந்த வரிகள் கல்லைச் சுற்றி ஓடவில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறின. பெரிய பாறையிலிருந்து உடைந்து, தண்ணீரில் உருண்டு தேய்ந்த துண்டில்தான் வரி அப்படி அறுபடும். வெள்ளைக் கல்லைச் சுத்தியலால் உடைத்தேன். ஓடு எதுவும் இல்லை. உள்ளும் புறமும் ஒரே வெள்ளை. குழிச்சுவரில் கற்களுக்கு நடுவே மணல் கல்லாக இறுகியிருந்தது. யாரும் புதைத்தவையல்ல. என்றோ ஓர் ஆறு போட்டுவிட்டுப் போனவை.

வேலிக்கு அப்பால் மாமா நின்றிருந்தார்.

"முட்டைய ஒடச்சிட்டியே வெற்றிச்செல்வி!"

"ஒரே வயித்துல கறுப்பு, வெள்ள, வரிபோட்டதுன்னு பொறக்குமா மாமா? வெறும் கூழாங்கல்லு. மனை மேல ஆசைன்னா நேரா சொல்லுங்க."

அவர் வேலியை ஒட்டி வந்தார்.

"என் வூட்டு அடியிலயும் இதேதாம்மா கெடக்கு. பயந்துபோயி மூடிட்டுத்தான் கட்டுனேன். ஒங்க குழியப் பாக்க ஆபீசருங்க வந்தா, என் வூட்டையும் தோண்டிப் பாப்பாங்கல்ல? அதான் மனையக் கேட்டேன்."

உடைந்த பாதியை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினாரா என்று அன்று தெரியவில்லை.

நாங்கள் வீடு கட்டி அங்கேயே இருக்கிறோம். வீரமணி பெரம்பலூரில் முன்பு வேலை பார்த்த அதே டயர் கடைக்குத்தான் போய் வருகிறார். மாமா மறுவருடம் தன் வாசலில், பட்டப்பகலில், ஆள் வைத்துக் கழிவுநீர்த் தொட்டி தோண்டினார்.