எங்க வீட்டுத் தலைகள்

எங்க வீட்டுல இப்ப யார் தலையிலயும் வெட்டுறதுக்கு முடி கிடையாது. எல்லாம் என் சலூனுக்காகக் கொடுத்ததுதான். என் வீட்டுக்காரர் தலை, பாத்ரூம் தேய்க்கிற பழைய பிரஷ் மாதிரி இருக்கு. கொழுந்தனுக்குக் காதுக்கு மேல வெறும் தோல். எங்கப்பாவுக்கு முதல்லயே வழுக்கை. இருந்தும் மனுஷன் விடல, ஈரத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு ஜம்முனு நாற்காலியில உக்காந்துக்குவார். துண்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெருவுல போறவனுக்குத் தெரியவா போகுதுன்னு கேப்பார்.

நான் ஒண்ணும் ஏதோ ஆசைக்குக் கத்தரி எடுத்தவ இல்ல. பெரிய பார்லர் ஒண்ணுல வருஷக்கணக்கா வேலை பாத்தவ. வெட்டினது நான், பேர் வாங்கினது முதலாளியம்மா. ஒரு நாள் ஒரு அம்மா கண்ணாடியைப் பாத்துட்டு என் கையைப் பிடிச்சு, "கை இல்லம்மா இது, தங்கம்"னு சொன்னாங்க. உடனே முதலாளியம்மா குறுக்கே விழுந்து, "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுங்க"ன்னாங்களே பாக்கணும்! எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. சீப்பை அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். "எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன், திரும்பி இங்கதான் வரணும்"னு வாசல்ல நின்னு கத்தினாங்க.

பஞ்சர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவுல ஒரு சின்ன இடம் பிடிச்சேன், ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் முடி வெட்ட. ரெண்டு நாற்காலி, ஒரு வாஷ் பேசின், வாசல் ஓரமா ஒரு பெஞ்சு. கண்ணாடியை நானே தொடைச்சு, போர்டை நானே மாட்டினேன். ஒரு ஈ காக்கா வரல. சும்மா உக்காந்து உக்காந்து என் முடியையே நுனி வெட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் என் மாமியார் களத்துல இறங்கினாங்க. "காலிக் கடையில எவ வந்து உக்காருவா? உள்ள என்ன கோளாறோன்னு பயந்துட மாட்டாளா? நாலு தலை தெரியணும்டி" அப்படின்னாங்க. அன்னைக்கே முறை போட்டாச்சு. காலையில அப்பா, மத்தியானம் கொழுந்தன், ஆபீஸ் விட்டதும் என் வீட்டுக்காரர். அத்தை மட்டும் நாள் பூரா வாசல் பெஞ்சுல. வர்றவங்களை வரவேற்கிற பொறுப்பு அவங்களுது.

ஆள் வந்தாங்களான்னு கேளுங்க. வாசல் வரைக்கும் வருவாங்க. எட்டிப் பாப்பாங்க. போயிடுவாங்க. நான் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு ட்ரையரைப் போட்டுக்கிட்டு நிப்பேன், அந்தச் சத்தத்துல எதுவும் காதுல விழாது, கண்ணாடியில அவங்க திரும்பிப் போறது மட்டும் தெரியும். என் கையில வெட்டின தலைங்கதானே உள்ள உக்காந்திருக்கு, அதைப் பாத்துட்டுத்தானே ஓடுறாங்கன்னு தோணும். கொழுந்தன் தலையைப் பாத்தா எனக்கே ஓடணும்போல இருந்துச்சு, அது வேற விஷயம்.

"மனசைத் தளர விடாதே, தொழில்னா அப்படித்தான் இருக்கும்"னு என் வீட்டுக்காரர் தினம் சொல்லுவார். சொல்லிக்கிட்டே, கத்தரி காது பக்கம் வந்தா தோளைத் தூக்கிக்குவார். கட்டின புருஷனுக்கே என் கை மேல நம்பிக்கை இல்லைன்னா ஊருல எவனுக்கு வரும்னு நான் ஒரு நாள் சத்தம் போட்டேன். "நம்பிக்கை இருக்கும்மா, காதுதான் ரெண்டே ரெண்டு இருக்கு"ங்கறார்.

போன சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வெளியாள் ஒருத்தராவது நாற்காலியில உக்காரணும். இல்லேன்னா சாவியை இடத்துக்காரர்கிட்ட கொடுத்துட்டு, திங்கட்கிழமை அந்த முதலாளியம்மா முன்னால போய்த் தலைகுனிஞ்சு நிக்கிறதுன்னு. வீட்டுல சொன்னேன். அப்பா துண்டை எடுத்துத் தலையில சுத்திக்கிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் கொழுந்தன் வந்தும் அப்பா எந்திரிக்கல, வெளியாள் மட்டும் ஒருத்தரும் வரல. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து அவமானப்படுவானேன், போர்டைக் கழட்டிடலாம்னு பக்கத்துப் பஞ்சர் கடைக்கு ஸ்க்ரூ டிரைவர் கேக்கப் போனேன். கடைக்கார அண்ணன் டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டு இருந்தார். முடி கண்ணை மறைக்குது, முழங்கையால ஒதுக்கி ஒதுக்கி விடுறார்.

"எதுக்குங்க ஸ்க்ரூ டிரைவர்?"

"போர்டைக் கழட்டணும்ண்ணே."

"அட, அதுக்குள்ள பெரிய இடமாப் பாத்துட்டீங்களா! மாறித்தான் ஆகணும், இங்க இடம் பத்தல."

என்னை நக்கல் பண்றார்னு நினைச்சேன். பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏன்ண்ணே, பக்கத்துலயே இருக்கீங்க. தலை காடாக் கிடக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் கடைப் படி ஏறினீங்களா?"னு கத்திட்டேன்.

அவர் டியூபைக் கீழ போட்டார். "நல்லா கேட்டீங்க போங்க! எத்தனை தடவை வந்திருப்பேன்? எப்ப வந்தாலும் கூட்டம். வாசல்ல ஒரு அம்மா, ரெண்டு மணி நேரம் ஆகும், எனக்கு முன்னாலயே நாலு பேர்னு விரட்டுறாங்க. பல் டாக்டர்கிட்ட வர்றவங்க எல்லாம் என்கிட்டதான் புலம்புறாங்க, பல்லைக் கூடப் பிடுங்கிக்கலாம், அந்தக் கடையில முடி வெட்டிக்க முடியாதுன்னு."

ஸ்க்ரூ டிரைவரை வாங்காமலே திரும்பி வந்தேன். அத்தை பெஞ்சுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காங்க.

"அத்தை! வர்றவங்களை ரெண்டு மணி நேரம் ஆகும்னு விரட்டினீங்களா?"

"பின்ன? வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்தா உனக்கு மதிப்பு இருக்குமா? இன்னைக்கு இடமில்லைன்னா நாளைக்கு அடிச்சுப் பிடிச்சு வருவான்னு பாத்தேன்."

"நாளைக்கும் நீங்கதானே இங்க உக்காந்திருக்கீங்க!"

அத்தை மேல போட்டிருந்த காலைக் கீழ இறக்கினாங்க.

"எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க. அப்பா, துண்டைக் கழட்டுங்க. தம்பி, வெளியே. இனிமே நம்ம வீட்டுத் தலை ஒண்ணு இந்தப் படி ஏறினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

கடை காலியாச்சு. கூட்டிப் பெருக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல. பஞ்சர் கடை அண்ணன் கையைக் கழுவிட்டு வந்து, யாரையோ தேடுற மாதிரி பெஞ்சைப் பாத்துட்டு, நாற்காலியில உக்காந்தார். துணியைப் போத்தினேன். கத்தரி பட்டதும் அவரும் தோளைத் தூக்கிக்குவார்னு பாத்தேன். தூக்கல. காதோரம் வெட்டுறேன், அசையல. குனிஞ்சு பாத்தா மனுஷன் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறார். முன்னப் பின்ன தெரியாத கையில கழுத்தைக் கொடுத்துட்டு நிம்மதியாக் குறட்டை விடுறார். எனக்குக் கண்ணுல பொலபொலன்னு வந்துடுச்சு.

அப்ப கைப்பையும் குடையுமா ஒரு அம்மா உள்ள எட்டிப் பாத்தாங்க. பல் டாக்டர்கிட்டயிருந்து வர்றாங்கபோல, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்துச்சு.

"ரொம்ப நேரம் ஆகுமாம்மா?"

எனக்குப் பக்குனு ஆச்சு. பொய் சொல்லவும் வாய் வரல. "இவருக்கு முடிக்கவே அரை மணி நேரம் ஆகும்ங்க"ன்னேன்.

"சரி, ஆகட்டும். இருக்கேன்"னு சொல்லிட்டு அந்த அம்மா பெஞ்சுல உக்காந்தாங்க.