மூன்றரை அடிப் பாதை

சவப்பெட்டியை நிமிர்த்தித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். கேட்டிலிருந்து நாலு எட்டு வைத்ததும் பாதை வலது பக்கம் திரும்புகிறது. அங்கே படுக்கைவாக்கில் திருப்பப் பார்த்தபோது ஒரு முனை மதிலில் இடித்தது, மறு முனை செடிச் சுவரில் சிக்கிக்கொண்டது. பின்னால் பிடித்திருந்தவர் நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டார். சபையில் யார் இறந்தாலும் முன்னின்று எல்லாம் பார்க்கிற கிருபைராஜ் அண்ணாச்சி, பெட்டியை எழுப்பி நிறுத்தச் சொன்னார். காலிப் பெட்டிதானே. பீரோவை நகர்த்துவதுபோல் நட்டமாகப் பிடித்து வளைவைக் கடந்து, முன்னறையில் அம்மாவின் உடல் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டார்கள்.

எப்சி வாசல்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையின் அகலம் மூன்றரை அடி. அளந்து போட்டவளே அவள்தான்.

கிருபைராஜ் அண்ணாச்சி திரும்பி வந்து வளைவில் நின்றார். கைகளை விரித்து எதையோ மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு எப்சியிடம் வந்து, உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பிள்ள, வந்தது வந்துட்டு. போகும்போது நிமித்த முடியாதுல்லா."

அவளுக்கு அது உடனே புரிந்தது.

பாளையங்கோட்டையில் அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று அது. பின்வாசல் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வீட்டுச் சமையலறை. முன்னால் மட்டும் பத்துக்குப் பதினாலு அடி இடம். ஒரு காலத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றது, அவர் போனபிறகு உடைந்த நாற்காலிகள் கிடந்தன. கோயம்புத்தூரில் தோட்டம் வடிவமைக்கும் அலுவலகத்தில் இருந்த எப்சி, நாலு வருடத்துக்கு முன்னால் அம்மா தேவமணிக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு பெட்டியோடுதான் வந்தாள். மூன்று மாதம் முடிவதாக இல்லை. வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கத் தொடங்கினாள். மொட்டைமாடி, பால்கனி, இரண்டு வீட்டுக்கு நடுவே கிடக்கிற சந்து என்று ஊரில் யாருக்கும் பெரிய இடம் இல்லை, எல்லோருக்கும் தோட்டம் வேண்டும்.

அம்மாவுக்காக இந்த முற்றத்தைப் போட்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. சின்ன இடம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஒரே பார்வையில் முழுவதும் தெரிந்துவிடக் கூடாது என்பது அவள் தொழிலின் பால பாடம். பாதையை நேராக விடாமல் மடக்கினாள். நடுவில் ஏழடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, அதில் வரிசை வரிசையாகச் செடிப் பைகளைத் தொங்கவிட்டாள். அடியில் கான்கிரீட் தொட்டி. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் தாழ்ந்த தொட்டிகள், அவற்றில் மெல்லிய புல்வகைகள். சொட்டுநீர்க் குழாய்கூட வெளியே தெரியாது. அம்மாவின் சக்கர நாற்காலி திரும்ப மூன்றடி போதும். அரையடி கூடுதலாகவே விட்டாள். பெருமாள்புரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ரோடு ஒன்று வெளியே இருப்பதே தெரியவில்லையே என்று வியந்தார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

அம்மா இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் யோசித்திருந்தாள். இந்த ஒரு நாளுக்கு மட்டும் யோசிக்கவில்லை.

பெரியவர்கள் நாலு பேர் கூடினார்கள். தாழ்ந்த தொட்டிகளுக்கு மேலாகத் தூக்கிவிடலாம், நடுவில் நிற்கிற செடிச் சுவர்தான் வழிமறிக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர், பெட்டியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேவமணி டீச்சரைப் படுக்கையில் விரித்த துப்பட்டியில் தூக்கிப்போய் அங்கே வைத்து மூடிவிடலாம் என்றார். பல பேர் தலையை ஆட்டினார்கள். முற்றம் போட்ட கொஞ்ச நாளிலேயே அம்மாவால் நாற்காலியில் உட்கார முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நாலு பேர் துப்பட்டியின் நாலு முனையைப் பிடித்துத்தான் அம்மாவைத் தூக்குவார்கள். நடுவில் தொய்ந்துபோய்க் கிடப்பாள். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் நிமிர்ந்து நடந்தவள், அப்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். யாரும் தன்னைப் பார்க்காமல் இருக்க அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

"துப்பட்டியில தூக்குனது போதும் அண்ணாச்சி. இதை உடைச்சிருவோம்."

கிருபைராஜ் அண்ணாச்சி செடிச் சுவரை அண்ணாந்து பார்த்தார். தம்பி சுபின் பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறானே, ஆம்பிளைப் பிள்ளை, அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார். எப்சிக்கு வந்த கோபம் அந்த நேரத்துக்குப் பொருந்தாதது. நாலு வருடமாக இந்தச் சுவர்களுக்குள் கிடந்தது யார், வருடத்துக்கு இரண்டு முறை வந்து தோட்டத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போனது யார்.

"அவன் வந்து என்னத்த சொல்லணும்? கட்டுனது நான்லா."

கொத்தனார் இசக்கிமுருகனைத் தேட வேண்டியிருக்கவில்லை. துக்கத்துக்கு வந்து ரோட்டோரப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தோட்டத்தைக் கட்டியவரும் அவர்தான். அடித்தளம் தோண்டிய அன்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, நல்லது கெட்டதுக்கு வழி வேணுமே எக்கா, இப்படி மடக்குறீங்களே என்று கேட்டிருந்தார். இந்த வீட்டில் நல்லது எதுவும் நடக்கப்போவதில்லை, நீங்கள் படத்தில் இருப்பதைக் கட்டுங்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கெட்டதைப் பற்றி அவர் கேட்டதை அவள் காதில் வாங்கவே இல்லை.

இன்று அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியும் கம்பி அறுக்கிற மிஷினும் எடுத்து வந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ள கம்பி கட்டியிருக்கு எக்கா. நேரமாகும். பிரேயருக்குச் சத்தம் இடைஞ்சலா இருக்குமே."

இருக்கட்டும் என்றாள். அந்தக் கம்பியும் அவள் கேட்டுப் போட்டதுதான்.

அப்புறம் இரண்டு மணி நேரம் வீடே அதிர்ந்தது. பெண்கள் கீர்த்தனை பாடுவார்கள், சம்மட்டி விழும், பாட்டு நிற்கும், மறுபடி தொடங்கும். சிமெண்டுத் தூசி ஜன்னல் வழியாக முன்னறைக்குள் வந்து, குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்த அம்மாமேல் படிந்தது. நாலு வருடமும் கூடவே இருந்து அம்மாவைக் கவனித்துக்கொண்ட அன்னத்தாய், ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அறைக்குள் நிற்க இடமில்லை. கட்டில், பெட்டி, பெண்கள், அணைத்துவைத்த மின்விசிறிக்குக் கீழே தேங்கிய வெக்கை. எப்சி வெளியே போகலாம் என்று பார்த்தாள். வெளியே போகிற வழியில் இசக்கிமுருகன் நின்று உடைத்துக்கொண்டிருந்தார். அவர் உடைத்து முடிக்கிறவரை யாரும் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது. அம்மா செத்ததற்கு இன்னும் அழவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுபின் இரண்டரை மணிக்கு வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்க வந்தவன் சுவர் உடைவதற்காக ரோட்டில் காத்து நின்றான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், அறுத்த இரும்புச் சட்டத்தை நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். செடிப் பைகளோடு சேர்த்து அது மெல்லச் சாய்ந்தது. வேர்கள் பின்னிப்பிடித்திருந்ததால் ஒரு செடிகூடத் தனியாக விழவில்லை. அதை அப்படியே தூக்கி வெளியே கொண்டுபோனதும் அறைக்குள் சட்டென்று வெளிச்சம் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு நேரே கேட், கேட்டுக்கு அப்பால் ரோடு, எதிர்க்கடைப் பெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், நின்றிருந்த ஆட்டோ.

அன்னத்தாய் குனிந்து, அம்மாவின் காதுப்பக்கம் பேசினாள். மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னதல்ல அது.

"டீச்சர், ரோடு தெரியுது பாருங்க."

சுபின் உள்ளே ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எப்சி அவன் தோளில் கை வைத்தாள். கண் அன்னத்தாயை விட்டு நகரவில்லை. கொஞ்சம் ஓய்ந்ததும் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள். அம்மா எப்போதாவது கேட்டாளா, ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று.

அன்னத்தாய் அடுப்பு மேடையில் கிடந்த தூசியைக் கையால் வழித்தாள்.

"பள்ளிக்கூடம் விடுத நேரம் கேப்பாவ பாப்பா. பிள்ளையெல்லாம் போகுதான்னு. தெனமும் கேப்பாவ. நான் போய் கேட்டுப் பக்கம் நின்னு பாத்துட்டு வந்து சொல்லுவேன், இன்னிக்கு மழைக்கோட்டு போட்டுப் போகுதுவ, இன்னிக்கு நொண்டியாட்டம் ஆடிக்கிட்டுப் போகுதுவன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாவ. எம்புள்ள எல்லாத்தையும் விட்டுட்டு வந்து எனக்குன்னு கட்டிவச்சிருக்கா, அவ மனசு நோகும்னாவ."

எப்சி சாயங்காலம் ஒவ்வொரு நாளும், கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்திவைத்துவிட்டு, எப்படிம்மா இருக்கு என்று கேட்பாள். அம்மா செடிச் சுவரைப் பார்த்து, வாய் ஒரு பக்கம் கோணினாலும் தெளிவாக, நல்லாருக்கு என்பாள். கேட்டதும் ஒரே கேள்வி, வந்ததும் ஒரே பதில். எழுநூறு நாள் இருக்கும். தன்னால் வெளியே போக முடியவில்லையே என்று நொந்துகொண்டிருந்த அத்தனை நாளும், உள்ளே ஒருத்தியை வைத்துச் சுவர் எழுப்பி, அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கான அழுகையா தனக்கானதா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அன்னத்தாய் அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு அம்மாவைப் பெட்டியில் வைத்தார்கள். உள்ளே வெள்ளைத் துணி, தலைக்குச் சின்னத் தலையணை, மார்பில் அவள் வேதப்புத்தகம். வீட்டு ஜெபத்தை முடித்துவிட்டுப் பாஸ்டர் மணி பார்த்தார். நாலரைக்குள் கோயிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தூக்குகிறவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சுபின் தலைமாட்டுக்கு வந்தான். கிருபைராஜ் அண்ணாச்சி மூடியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு பத்து நிமிசம்."

யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

சுபினிடம் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, பெட்டியை ஜன்னலுக்கு நேராக நகர்த்தினாள். அலமாரியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து மடித்து, தலையணைக்கு அடியில் செருகினாள். அம்மாவின் முகம் கொஞ்சம் உயர்ந்தது. போதவில்லை. அன்னத்தாய் தன் தோளில் கிடந்த துண்டையும் மடித்துக் கொடுத்தாள். பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெளியே இசக்கிமுருகன் பாதையில் கிடந்த சல்லியை மண்வெட்டியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். எப்சி நிறுத்தச் சொன்னதும் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு மதிலோரம் ஒதுங்கி நின்றார்.

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. முதலில் சைக்கிளில் போகிற பெரிய பிள்ளைகள். அப்புறம் சின்னதுகள், கூட்டம் கூட்டமாக. பந்தலையும் ஆட்களையும் பார்த்ததும் சிலதுகள் பேச்சை நிறுத்தின. ஒருத்தி கேட்டுக்கு முன்னால் நின்று, கழன்ற ஷூ நாடாவைக் குனிந்து கட்டிக்கொண்டாள். கட்டி முடித்து நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முதுகுப் பையை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் போனவர்களைப் பிடிக்க ஓடினாள்.