பூரணி வாங்கிய மாடுகள்

சவுக்கு மரம் முறிந்து விழுந்து செல்லசாமி செத்ததற்கு, தேயிலைத் தோட்டம் நட்டஈடாக ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தது. உயிரோடு இருந்தவரை அவன் பேச்சை யாரும் கேட்டதில்லை. இப்போது அவன் பெண்சாதிக்குப் புத்தி சொல்ல, தொழிலாளர் குடியிருந்த லயமே வரிசையில் நின்றது.

பூரணிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கொழுந்து பறித்தாள். பனியில் விறைத்த விரல்கள் அடுப்படியிலும் விறைத்தே கிடந்தன. அடுத்த மாதம் மகள் மீனம்மாவும் கூடை தூக்கப் பேர் பதியவேண்டும் என்று, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லியிருந்தார். மீனம்மாவுக்கு அட்டன் பள்ளிக்கூடம் போக ஆசை. அதற்கு மாதாமாதம் காசு வேண்டும். பூரணியின் மண்டைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

பெரிய கங்காணி அழகுமுத்து கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார்.

"பணம் வந்தா புத்தி தடுமாறும், ஆத்தா. எங்கிட்ட குடுத்து வை. கோயிலுக்கு ஒரு வெங்கல மணி வாங்குவோம்."

"மணியில அவரு பேரு போடுவாங்களாங்க?"

"போடாமயா? மேல என் பேரு. கீழ எடம் இருந்தா அவன் பேரு."

"சரிங்க."

தன் பழைய ரேடியோவை அவள் தலையில் கட்ட வந்த கண்டாக்கையாவுக்கும் அதே "சரிங்க"தான்.

மாடு வளர்க்க அனுமதி கேட்டுப் போனபோது, தோட்டத்து வெள்ளைத் துரை "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். புத்தி சொல்லாத ஒரே மனிதர். அதற்குப் போதுமான தமிழ் அவருக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் மாட்டு வியாபாரி மஃறூப் நானாவிடம் இரண்டு கறவை மாடுகள் வாங்கினாள். மீதியை மறுநாள் தபால் கந்தோரில் மீனம்மா பேரில் போட்டாள். காசாக இருந்தால் பாதி கடன் கேட்கலாம். பாதி மாட்டை யார் கேட்பது?

கங்காணி மூச்சிரைக்க வந்தார். மணிக்கு அவர் ஏற்கெனவே அச்சாரம் கொடுத்திருந்தார்.

"மணிக்குச் சரின்னியே?"

"எல்லாருக்கும் சொன்னேங்க."

"அப்போ மணி?"

"மாட்டுக் கழுத்துல ரெண்டு கெடக்குதுங்க. பேருதான் போடல."

கங்காணி மாட்டு மடியைப் பார்த்தார். "சரி, வீட்டுக்குத் தெனம் ஒரு போத்தல் பாலு குடு. காசு சம்பளத்தன்னிக்கு."

"இந்தக் கையில காசு, அந்தக் கையில பாலுங்க."

காசெடுக்க அந்தக் கோட்டுப் பைக்குள் கங்காணியின் கை போனதை லயம் அன்றுதான் பார்த்தது.

அடுத்த மாதம் மீனம்மா அட்டன் பஸ் ஏறினாள். விடியுமுன் பூரணி மாட்டின் கீழே குந்தியிருந்தாள். காம்பு வெதுவெதுவென்று இருந்தது. விரல்களுக்கு அது தெரிந்தது. அவளுக்குள் மற்றதெல்லாம் இன்னும் விறைத்தபடியே இருந்தது.