துரைக்கண்ணுவின் பம்பைத் தோல்

விழுப்புரம் பஸ்ஸில் அஸ்வினி ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் துரைக்கண்ணு மாமா. அவர் மடியில் வேட்டித் துணியில் சுற்றிய பம்பை மேளம். திண்டிவனத்திலிருந்து அவரும் கூட வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நீ ஸ்பீக்கரு வாங்கப் போற, நான் தோலு கட்டப் போறேன். ஒரே பஸ்ஸுதான?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடித் திருவிழாவுக்காகத் தெருப் பெண்கள் பாடிய அம்மன் பாட்டை அவள்தான் தன் அறையில் பதிவு செய்தாள். பம்பை அடித்தவர் மாமா. டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் நல்ல மைக் வாங்கியிருந்தாள். ஆனால் கேட்டுச் சரிபார்க்க, டிவியோடு இருந்த ஹோம் தியேட்டர்தான். அதில் பம்பை வீடே அதிர முழங்கியது. அதிகம் என்று நினைத்து, பதிவில் அந்தக் கும்மென்ற அடியொலியை வெட்டிக்கொண்டே போனாள். இயற்பியல் படித்தும், அந்த ஸ்பீக்கரே அதைக் கூட்டிக் காட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கோயிலில் பாட்டைப் போட்டபோது, பம்பை தகர டப்பாவில் குச்சியால் தட்டியதுபோல் வந்தது.

"இன்னா தொர, அன்னிக்கு சோறு துன்னலியா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா மெல்லமா அடிச்சிட்டாரு. தோலும் தளந்திருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தோலைத்தான் மாற்றப் போகிறார்.

விழுப்புரத்தில் ஸ்பீக்கர் கடைக்காரர் ராஜ்குமார் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "நல்லா பழகின பாட்டா போடுங்க. அப்பதான் வித்தியாசம் தெரியும்."

சினிமாப் பாட்டைத் தேடினாள். "நம்ம பாட்டையே போடும்மா" என்றார் மாமா.

பெரிய ஜோடியில் பம்பை கும்மென்று வந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. "இதையே எடுத்துக்க."

சின்ன ஜோடியில் மறுபடியும் அதே தகர டப்பா.

"இந்தப் பொட்டிதான் பட்டினி போல" என்றார் மாமா.

ராஜ்குமார் சிரித்தார். "பெருசு இல்லாததையும் சேர்த்துக் காட்டும். சின்னது இருக்கறத மட்டும் சொல்லும், ரெக்கார்டிங்குக்கு அதான் வேணும். கோளாறு பம்பையிலதான். யாரு அடிச்சது?"

"நான்தாங்க. மெல்லமா அடிச்சிட்டேன். தோலும் தளந்துபோச்சு."

அவள் சொன்ன சொற்கள். ஒன்றுகூட மாறவில்லை.

பென் டிரைவில் அவள் கை வைக்காத பதிவும் இருந்தது. "இதப் போடுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னாள்.

அதே சின்னப் பெட்டியில் பம்பை நெஞ்சில் வந்து விழுந்தது.

"இதுதான் மாமா நீங்க அன்னிக்கு அடிச்சது. நான்தான் கொறைச்சிட்டேன். தோலு நல்லாதான் இருந்துச்சு. எல்லார் எதிர்லயும் பொய் சொல்லிட்டேன்."

பாட்டு முடியும்வரை அவர் பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு துணியை விலக்கினார். உள்ளே தோல் இல்லாத வெறும் கூடு.

"பழச நேத்தே அறுத்துப் போட்டுட்டனே" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

சின்ன ஜோடியையே வாங்கினாள். வாசலில் அவர் ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் தலை குனிந்தபடி பின்னால் போனாள்.

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் மாமா."

"சொல்லு" என்றார் அவர், திரும்பாமல். "கோயில் மைக்குல சொல்லு. சத்தத்தக் கொறைக்காம."